யாரைப் பார்க்கணும்?

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சுரபி நதிக் கரையில் நிற்க இடம் கிடைக்காது. ஆற்றில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு எள் விளக்கேற்றி, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு சுயம்பு சனீஸ்வரரைப் பார்க்க வரிசை நீண்டுகொண்டே போகும். ஞாயிறு விடிந்தால் ஊர் மறுபடி தன் அளவுக்குச் சுருங்கிவிடும். நெல்வயலும் தென்னந்தோப்பும் நாலைந்து டீக்கடைகளும் ஒரு பேரூராட்சி அலுவலகமுமாக கம்பம் பள்ளத்தாக்கின் சின்ன ஊர்களில் ஒன்றாகிவிடும்.

அப்படி ஒரு சாதாரண நாளில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்து ரெண்டு மாசமாச்சு. யாரைப் பார்க்கணும்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆற்றுகிறவர் கை நிற்காமலே ஒரு பெயரைச் சொல்வார். பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் தலையை நிமிர்த்தி, "ஆமா, அவுகளப் பாருங்க. காலையில எட்டு மணிக்குள்ள போனா வீட்ல இருப்பாக" என்பார். எந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையிலும் அந்தப் பெயர் இருக்காது. அவருக்குப் பதவி இல்லை, முத்திரை இல்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் கேள்வி முடிவதற்குள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் நினைவுக்கு வந்துவிட்டது.

எல்லாச் சிற்றூர்களிலும் நடக்கிற காரியம் என்பதால் இதை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. ஒரு ஊரில் ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள். யாருக்கு யார் உறவு, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், யார் சொன்னால் யார் கேட்பார் என்பதையெல்லாம் கோடு போட்டு வரைந்தால் அந்தப் படம் ஒரு சுவரை அடைத்துவிடும். அந்தப் படத்தை யாரும் பார்த்ததில்லை. பார்க்காத படத்தின் நடுப்புள்ளியை டீ ஆற்றுகிறவரால் எப்படிச் சரியாகத் தொட முடிகிறது?

பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டுஃப்லோ, மேத்யூ ஜாக்சன் நால்வரும் இந்தக் கேள்வியைக் கர்நாடகத்தில் 213 கிராமங்களுக்கு எடுத்துப் போனார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் சிலரிடம் மட்டும் ஒரு செய்தி சொல்லப்பட்டது: இந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் குலுக்கலில் கலந்துகொள்ளலாம், செல்போனோ பணமோ பரிசாகக் கிடைக்கும். செய்தி எவ்வளவு தூரம் பரவியது என்பதை வந்த அழைப்புகளை எண்ணியே தெரிந்துகொள்ளலாம். சில கிராமங்களில் அந்தச் சிலரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். சில கிராமங்களில் ஊர்த் தலைக்கட்டுகளை, மதிப்புள்ள பெரியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாவது வகைக் கிராமங்களில் ஊர்க்காரர்களிடமே, "ஒரு விஷயம் ஊர் முழுக்கப் போகணும்னா யார் காதில் போடணும்?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கண்ணை மூடி எடுத்த ஊர்களில் சராசரியாக 8 அழைப்பு அளவில் வந்தது. பெரியவர்களிடம் சொன்ன ஊர்களில் அதைவிடச் சற்றுக் குறைவு. ஊரே சுட்டிக்காட்டிய ஆட்களிடம் சொன்ன ஊர்களில் ஏறத்தாழ 12. 2019இல் வெளியான இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அந்தப் பெரியவர்கள் கணக்குதான். மதிப்பும் செல்வாக்கும் ஒரே சரக்கு என்று நாம் நினைத்திருக்கிறோம். ஊர் அப்படி நினைக்கவில்லை. மரியாதைக்கு ஒருவரையும் காரியத்துக்கு வேறொருவரையும் அது தனித்தனியாக எண்ணி வைத்திருக்கிறது.

எப்படி எண்ணுகிறது என்பதற்கு அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளிமையானது. ஒரு செய்தி நம்மிடம் வரும்போது அது யாரிடமிருந்து கிளம்பியது என்பதும் கூடவே வருகிறது. "கணக்கு வாத்தியார் வீட்ல சொன்னாக", "தோட்டத்துக்காரர் சொன்னாராம்" என்று ஆள் பெயர் இல்லாத செய்தி நம் ஊரில் நகராது. யார் பெயர் எத்தனை முறை காதில் விழுகிறது என்பதை மனசு தன் போக்கில் கூட்டிக்கொண்டே வருகிறது. பல வருஷம் இப்படிச் சேர்ந்த கூட்டுத்தொகையை வரிசைப்படுத்தினால், முழுப் படத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறவருக்குக் கிடைக்கும் வரிசைக்கு மிக நெருக்கமாக வந்துவிடும் என்று அவர்கள் கணிதமாகவே காட்டியிருக்கிறார்கள். படம் தெரியவேண்டியதில்லை, காது திறந்திருந்தால் போதும்.

சரி, அந்தப் பெயர் ஏன் அத்தனை முறை காதில் விழுகிறது? இதற்குப் பதில் தேட சின்னமனூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலுக்குப் போகவேண்டும்.

மண்டப வாசலில் ஒரு மேசை. மேசைமேல் கெட்டி அட்டை போட்ட நீளமான நோட்டு, பணம் போட ஒரு பை, வெற்றிலைத் தட்டு. ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுகிறார். இன்னொருவர் எழுதுகிறார். மூன்றாவது ஆள் உரக்கச் சொல்கிறார்: முதலில் ஊர், மார்க்கையன்கோட்டை, பிறகு அப்பா பெயரின் முதலெழுத்து, பெயர், ஐநூத்தி ஒண்ணு. ஊரை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் தேடும்போது ஊர்வாரியாகத்தான் தேடுவார்கள். மொய் கொடுத்தவர் உடனே நகர மாட்டார். தன் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார். கல்யாணம் முடிந்ததும் அந்த நோட்டு பத்திரத்தோடு பத்திரமாகப் பெட்டிக்குள் போகும். அடுத்த பத்து இருபது வருஷத்துக்கு, எந்த வீட்டிலிருந்து பத்திரிகை வந்தாலும் அது வெளியே வரும். "நமக்கு அவுக என்ன செஞ்சிருக்காக?" என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்யவேண்டும். மதுரை, தேனி வட்டாரத்தில் இதற்குச் செய்முறை என்று பெயர். செய்முறை தவறினால் உறவில் விரிசல் விழும். இப்போது பல மண்டபங்களில் நோட்டு இருந்த இடத்தில் கணினி வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயரும் தொகையும் அச்சடித்த ரசீது உடனே கைக்கு வருகிறது.

சமூக வலைப்பின்னல்களை ஆராய்கிறவர்கள் மாதக்கணக்கில் வீடு வீடாகப் போய் "யாரிடம் கடன் கேட்பீர்கள், யாருக்குக் கடன் கொடுப்பீர்கள்" என்று கேட்டுச் சேகரிக்கும் தகவல் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் நோட்டாக உறங்குகிறது. யார் யாரோடு, எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து என்று அதில் எல்லாம் இருக்கிறது. ஊர்ப் பெரிய மனிதரின் பெயரை அந்த நோட்டுகளில் தேடினால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். தொகை பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை. எல்லா இடத்திலும் இருக்கும் என்பதுதான் முக்கியம். நோட்டில் ஏறாத கணக்கு ஒன்றும் உண்டு. கேத வீட்டுக்கு முதலில் வந்து நின்றவர் யார், பாடைக்கு மூங்கில் வெட்ட ஆள் அனுப்பியவர் யார், நடுராத்திரியில் தேனி ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்தவர் யார் என்பதை ஊர் எழுதாமலே வைத்திருக்கும்.

மானிடவியலாளர் எலினோர் பவர் தமிழ்நாட்டின் தென்பகுதியில் இரண்டு கிராமங்களில் நீண்ட காலம் தங்கி இதை அளந்து பார்த்தார். யாரிடம் பணம் கேட்பீர்கள், யாரிடம் யோசனை கேட்பீர்கள், பிள்ளையை யார் பொறுப்பில் விடுவீர்கள் என்று எல்லாரிடமும் கேட்டு அந்த ஊர்களின் வலைப்பின்னலை வரைந்தார். கூடவே யார் கோயிலுக்குத் தவறாமல் போகிறார், யார் அலகு குத்துகிறார், யார் தீ மிதிக்கிறார் என்பதையும் குறித்துக்கொண்டார். நேர்த்திக்கடனை நாம் சாமிக்கும் பக்தருக்கும் இடையிலான விஷயம் என்றே நினைக்கிறோம். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி ஏந்திப் போகிறவரின் கண்ணில் வேறு யாரும் இருப்பதில்லைதான். ஆனால் பார்க்கிற கண்கள் ஆயிரம். தவறாமல் வழிபடுகிறவர்களையும், ஊர் பார்க்க உடல் வருத்தி நேர்த்தி செலுத்துகிறவர்களையும் மற்றவர்கள் நல்ல குணமுள்ளவர்கள், கொடுக்கும் மனமுள்ளவர்கள் என்று அதிகம் சொன்னார்கள். உதவி என்று வரும்போது அவர்களுக்குக் கைகொடுக்கும் உறவுகளும் கூடுதலாக இருந்தன. இது 2017இல் வெளியான முடிவு. வாயால் சொல்லி வாங்க முடியாத நம்பிக்கையை உடம்பு செலவழித்து வாங்குகிறது. அதைப் போலி செய்வது கடினம் என்பதால்தான் ஊர் அதை நம்புகிறது.

சென்னையில் ஆய்வு செய்த மேட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தமிழ்ச் சமூகத்துப் பெரியதனம் பற்றி எழுதும்போது கவனித்த ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நம்மூர்ப் பெரிய மனிதர் தனியாக நிற்பதில்லை. அவரைச் சுற்றி ஒரு கோயிலோ சங்கமோ பள்ளியோ இருக்கும். கொடுக்கும் கை ஊருக்குத் தெரிய அப்படி ஒரு மேடை வேண்டியிருக்கிறது. கோயில் கதவின் வெண்கலத் தகட்டிலிருந்து குடிநீர்த் தொட்டி வரை எங்கும் "உபயம்" என்று எழுதியிருப்பது அந்த மேடையின் எழுத்து.

இந்த இடத்தில் சீனத்துக்கு ஒரு நடை போய்வரலாம். மொழி, சாமி, கட்சி எல்லாம் வேறாக இருந்தும் அங்குள்ள சிற்றூர்களின் கதை நமக்குப் பழகிய முகமாகவே இருக்கிறது.

ஃபெய் சியாவ்தொங் என்ற சீனச் சமூகவியலாளர் 1940களில் தன் நாட்டு உறவுமுறையை விளக்க ஒரு குளத்தைக் காட்டினார். கல்லைப் போட்டால் வட்டம் வட்டமாக அலை விரிகிறது. கல் விழுந்த இடத்தில் நான். முதல் வட்டத்தில் வீடு, அடுத்ததில் பங்காளி, அதற்கடுத்து ஊர். வட்டம் தள்ளிப் போகப்போக அலை மெலிகிறது. யாருக்கு எவ்வளவு செய்யவேண்டும் என்பதைப் பொதுச்சட்டம் தீர்மானிப்பதில்லை, அவர் எந்த வட்டத்தில் இருக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. பங்காளி, மாமன் மச்சான், சம்பந்தி, தாயாதி என்று அடுக்கத் தெரிந்த நமக்கு இது புது விஷயமே இல்லை. செல்வாக்குள்ளவரின் கல் கொஞ்சம் பெரியது. அவருடைய அலை தூரம் போகும்.

அந்த அலை அரசாங்கத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை ஃபெங் ஜுன்ச்சி என்ற ஆய்வு மாணவர் கண்டு எழுதினார். மத்திய சீனத்தின் ஒரு மாவட்டத்தில் அரசுப் பொறுப்பிலேயே இரண்டாண்டு இருந்துகொண்டு, அந்த மாவட்டத்து அதிகாரிகளில் யார் யாருக்கு உறவு என்று ஒவ்வொன்றாகத் தேடினார். பீக்கிங் பல்கலைக்கழகத்துக்கு 2010இல் அவர் கொடுத்த ஆய்வேட்டில் அந்த மாவட்டத்துக்கு உண்மைப் பெயர் இல்லை, புனைபெயர்தான். 21 பெரிய அரசியல் குடும்பங்கள், 140 சின்னக் குடும்பங்கள், ஆக 161 என்று எண்ணிக் காட்டினார். அப்பா ஒரு துறையில், மகன் இன்னொன்றில், மருமகள் மூன்றாவதில். குடும்பங்களுக்குள் சம்பந்தமும் உண்டு. தேர்வு, விதிமுறை, உறவினர் ஒரே துறையில் இருக்கக்கூடாது என்ற தடை எல்லாம் இருந்தும் குடும்பம் பரவியது. தடை ஒரு துறைக்குள் மட்டும்தான் நிற்கிறது. உறவு மாவட்டம் முழுக்க ஓடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுதான் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட அந்த இரண்டு கல்வெட்டுகளையும் குடவோலைக்காக மட்டுமே நாம் பேசுகிறோம். பள்ளிப் பாடத்திலும் குடத்தையும் ஓலையையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் என்னைப் பிடித்து நிறுத்துகிற பகுதி வேறு. ஊர்ச்சபையின் வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கக்கூடாது. அதோடு விடவில்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஓர் உறவுப் பட்டியலையே போட்டு, இவர்களும் நிற்கக்கூடாது என்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சபை உட்கார்ந்து, செல்வாக்கு எந்தெந்த உறவு வழியாக ஒழுகும் என்று யோசித்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்திருக்கிறது. ஃபெங் தேடித் தேடி வரைந்த வரைபடத்துக்குத் தடுப்பு மருந்து அது. அதே நேரத்தில் சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் உள்ள, வேதம் கற்ற ஆண்களுக்கு மட்டுமே அந்தச் சபை திறந்திருந்தது. பெண்ணும் உழுகிறவரும் அந்தக் குடத்துக்குள் ஓலையாக விழவே முடியாது. இதையும் சேர்த்துத்தான் அந்தக் கல்லைப் படிக்கவேண்டும்.

நம் காலத்திலும் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்பட்டது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. தலைமுறை தலைமுறையாக நிலக் கணக்கு ஒரே வீட்டுப் பரணில் இருந்தது. எந்த வயல் யாருடையது என்று கேட்க அந்த வீட்டு வாசலில் நிற்கவேண்டியிருந்தது. அந்தக் கணக்கு அரசு ஊழியரான வி.ஏ.ஓ. கைக்கு மாறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்த வாசலில் நின்ற தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இன்று ஆன்லைனில் சிட்டா எடுக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

அப்படியானால் இந்த எழுதாத செல்வாக்கு முழுக்கக் கெட்டதுதானா? லில்லி சாய் என்ற அரசியல் அறிஞர் சீனத்தின் நான்கு மாகாணங்களில் 316 கிராமங்களைக் கணக்கெடுத்தார். ஒரே சட்டம், ஒரே கட்சி, ஏறக்குறைய ஒரே வருமானம் உள்ள இரண்டு கிராமங்கள் இருக்கும். ஒன்றில் தார்ச்சாலையும் நல்ல பள்ளிக்கூடமும், பக்கத்துக் கிராமத்தில் சேறும் ஒழுகும் கூரையும். ஏன்? வருமானமும் தேர்தலும் இந்த வித்தியாசத்தைச் சரியாக விளக்கவில்லை. ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரு கோயிலோ, ஊர் முழுவதையும் உள்ளடக்கிய ஒரு குலமோ இருந்து, அதில் கிராம அதிகாரியும் ஓர் அங்கமாக இருந்த இடங்களில் வேலை நடந்திருந்தது. சாலை போட்டால் கோயில் திருவிழாவில் நாலு பேர் நல்ல வார்த்தை சொல்வார்கள். பணத்தை அமுக்கினால் அதே திருவிழாவில் முகம் கொடுக்க மாட்டார்கள். சட்டம் கொடுக்காத தண்டனையை ஊரின் பார்வை கொடுத்தது. 2007இல் வந்த அவருடைய புத்தகம் இதற்கு இரண்டு நிபந்தனைகள் சொல்கிறது. எல்லாரும் உள்ளே இருக்கவேண்டும். அதிகாரியும் உள்ளே இருக்கவேண்டும்.

முதல் நிபந்தனையை நம் பள்ளத்தாக்கின் கண்ணால் பார்க்கலாம். ஊர்க் காளியம்மனுக்கோ முத்தாலம்மனுக்கோ பொங்கல் சாட்டினால் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமாகித் தனிக்குடும்பமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. பணக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே தொகை. வெளியூரில் வேலை பார்ப்பவரும் வரியை அனுப்பிவிடுவார், ஏனென்றால் அந்த நோட்டில் பெயர் இருந்தால்தான் ஊரில் பெயர் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு சமத்துவம் உண்டு, உண்மைதான். ஆனால் வரி கொடுப்பதைவிட வரி வாங்கப்படுவதுதான் இதில் உரிமை. யாரிடம் வரி வாங்க மறுக்கிறார்களோ அவர்கள் அதே தெருவில் பிறந்து வளர்ந்தாலும் ஊர் ஆவதில்லை. ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பத்திடம் வாங்க மாட்டார்கள். எத்தனையோ ஊர்களில் தலித் மக்களிடம் வாங்குவதே இல்லை. தாலி கட்டிக்கொள்ளாமல் தனித்து வாழும் பெண்ணுக்குத் தலைக்கட்டே கிடையாது. "எங்க ஊர் ஒத்துமையான ஊர்" என்று யாராவது சொன்னால், அந்த வரி நோட்டை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும்.

ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் போனால் அந்த நோட்டு இந்திய அரசியல் சட்டத்தையே எதிர்த்து நின்ற கதை இருக்கிறது. 73ஆவது திருத்தத்தின்படி 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே தலைவர் என்று ஒருவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சில தேர்தல்களில் யாரும் மனுவே போடவில்லை. சிலவற்றில் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்து, பதவி ஏற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். தடுத்து நிறுத்தியவர்கள் கையில் அரசாணை ஏதும் இல்லை. கூலி வேலை, குத்தகை, கடன், தண்ணீர் என்று ஒவ்வொரு நூலும் ஆதிக்க சாதியினர் கையில் இருந்தது. அந்த நூல்களை இழுத்துக் காட்டவேண்டிய அவசியம்கூட இல்லை, இருக்கிறது என்று தெரிந்தால் போதும். 2006 அக்டோபரில்தான், மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த த.உதயச்சந்திரனின் முயற்சியில், முறையாகத் தேர்தல் நடந்து ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். பத்தாண்டு வெறுமையாகக் கிடந்த அந்த நாற்காலிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. ஊர்க் கட்டுப்பாடு என்ற சொல்லைப் பெருமையாக உச்சரிக்கும்போது அதையும் நினைக்கவேண்டியிருக்கிறது.

சீனத்திலும் மறுபக்கம் உண்டு. டேனியல் மேட்டிங்லி 2020இல் எழுதிய புத்தகம் அதைத்தான் சொல்கிறது. குலத்தின் மூத்தவர் கிராமக் குழுவுக்குள் போய் அதிகாரத்தோடு சேர்ந்துவிட்டால், அரசு நிலம் எடுக்க வரும்போது மக்களைச் சமாதானப்படுத்திக் கையெழுத்து வாங்கித் தருவது அவர்தான். சொந்தக்காரர் கேட்டால் எப்படி மறுப்பது? எந்த நம்பிக்கை சாலை போட்டுக் கொடுத்ததோ அதே நம்பிக்கை நிலத்தையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறது.

செல்வாக்கு என்றதும் மேலே மட்டும் பார்க்கிற பழக்கம் நமக்கு. வயலில் இறங்கிப் பார்த்தால் இன்னொரு வகை தெரியும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்தபின் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமானது. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பதைப் பொறுத்துத்தான் நாற்றுப் பாவுவதிலிருந்து கல்யாணத் தேதி வரை எல்லாம் நகரும். வாய்க்காலில் வந்த தண்ணீர் வயலுக்கு வயல் போய்ச் சேரவேண்டுமே, அதை யார் பிரிப்பது? தென்மாவட்டங்களில் அந்த வேலைக்காரருக்கு நீர்க்கட்டி என்று பெயர். கர்நாடகத்தில் நீர்கண்டி என்பார்கள். இரண்டு சொற்களும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள். எந்த வயல் எத்தனை நாளில் காயும், எந்த மடையை எவ்வளவு நேரம் திறக்கவேண்டும் என்பது அவர் காலுக்குத் தெரியும். மண்வெட்டியின் ஒரு கொத்தில் பெரிய விவசாயியின் தண்ணீரும் சின்ன விவசாயியின் தண்ணீரும் பிரியும். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் ஒரே மாதிரி நம்பிக்கையான ஆளாக அவர் இருந்தாகவேண்டும். பல ஊர்களில் இந்த வேலையைத் தலைமுறையாகச் செய்துவருகிறவர்கள் தலித் மக்கள்தான். சபையில் உட்கார இடம் கொடுக்காத ஊர் தன் தண்ணீரை அவர்களிடம் ஒப்படைத்திருந்தது.

ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் ஆந்திரத்து வாய்க்கால் கிராமங்களில் இதையே விரிவாகக் கண்டார். 1988இல் வந்த அவர் புத்தகத்தில், சட்டப்படியான பஞ்சாயத்து ஒரு பக்கம் உயிரில்லாமல் கிடக்க, எந்தச் சட்டத்திலும் இல்லாத ஊர்சபை ஒன்று பொதுப் பணம் திரட்டி, நீர் பாய்ச்சுகிறவர்களையும் வயல் காவலர்களையும் நியமித்துச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லா ஊரிலும் இப்படி இல்லை. தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் தலைமடை ஊர்களில் இல்லை. கடைமடைப் பக்கத்தில், தண்ணீர் வருமா வராதா என்ற பயம் இருந்த ஊர்களில்தான் இருந்தது. பயம் மக்களை ஒன்றாக உட்கார வைத்திருக்கிறது.

டீக்கடையில் சொன்ன அந்தப் பெயருக்கு மறுபடி வருகிறேன். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் இதே கேள்விக்கு வந்த பெயர் பெரும்பாலும் நிலக்கிழாருடையதாகவோ சாதித் தலைவருடையதாகவோ இருந்திருக்கும். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து ஆய்வாளரான அனிருத் கிருஷ்ணா, ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் 69 கிராமங்களில் இதே கேள்வியைக் கேட்டார். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பேங்க் என்று வந்தால் யாரோடு போவீர்கள்? மக்கள் நிலக்காரரையோ பஞ்சாயத்துத் தலைவரையோ சொல்லவில்லை. ஓரளவு படித்த, அலுவலகங்களின் நடைமுறை தெரிந்த, கூப்பிட்டால் எழுந்து வருகிற இளைஞர்களைச் சொன்னார்கள். சாதி எல்லையைத் தாண்டியும் சொன்னார்கள். அங்கே அவர்களுக்குப் புதுத் தலைவர் என்று பெயரே வந்துவிட்டது. நம் பள்ளத்தாக்கிலும் இ-சேவை மையத்தில் படிவம் நிரப்பித் தருகிற, எந்த மேசைக்கு எந்தத் தாள் போகவேண்டும் என்று தெரிந்த ஆட்கள் இப்படித்தான் முளைத்தார்கள். வாரிசுச் சான்றிதழுக்குச் சொன்ன பெயர் அப்படிப்பட்ட ஒருவருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெண் பெயராக இருக்குமா? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் ஆனது 2016இல். பல இடங்களில் கூட்டத்தில் உட்காருவது மனைவி, பேசுவது கணவர் என்ற நிலை இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நாற்காலி தன் வேலையைச் செய்கிறது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் செய்த ஆய்வு 2004இல் வந்தது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிகம் செலவாகியிருந்தது. குடத்தைச் சுமக்கிறவருக்குத்தானே குழாய் எங்கே வேண்டும் என்று தெரியும்.

அம்மன் பொங்கல் முடிந்த எட்டாம் நாளோ பதினைந்தாம் நாளோ, நம் ஊர்களில் மந்தையில் கணக்கு வாசிப்பார்கள். குழல் விளக்கு ஒன்று வேப்பமரத்தில் தொங்கும். கம்பளம் விரித்து நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, கண்ணாடி போட்ட ஒருவர் நோட்டைப் பிரித்து வாசிப்பார். தலைக்கட்டு வரி இத்தனை பேர், வரவு இவ்வளவு. பந்தல், ரேடியோ செட், கரகாட்டம், வாணவேடிக்கை, பூசாரி வேட்டி, தேங்காய் என்று செலவு ஒவ்வொன்றாக வரும். ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் திண்ணைகளிலும் வாசற்படிகளிலும் நின்று கேட்பார்கள். வாசிக்கிறவர் வேகமாகப் போனால் யாராவது கையைத் தூக்குவார். "அண்ணே, ரேடியோ செட்டு எவ்வளவுன்னு சொன்னீக? இன்னொரு தடவ வாசிங்க." வாசிக்கிறவர் பெரிய மனிதராகவே இருந்தாலும் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, விரலால் வரியைத் தொட்டு மறுபடி வாசிப்பார். அடுத்த கேள்வி திண்ணைப் பக்கமிருந்து ஒரு பெண் குரலில் வரும். முன்னால் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நோட்டில் ஒரு பக்கம் பின்னால் புரளும்.